மூன்றாவது செல்

செல் இரண்டு வகை என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று கதவை அரிப்பது. இன்னொன்று காதில் வைப்பது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது, புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரியில், ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைச் சொல்லச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். வாயால் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுகிறேன் என்று குறைப்படுகிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது எட்டாவது. ஊர் திருவரங்குளம் பக்கம். ஆலங்குடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எட்டரைக்கு ஏறினால் ஒன்பதேகாலுக்குக் கல்லூரி. வீட்டுக்காரர் குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். பேச்சு அவருக்கு. எனக்குக் கேட்பது.

ஆய்வகத்தில் இரண்டு அறை. வெளி அறையில் தொட்டி, குழாய், அடுக்கு, நான். உள் அறையில் ஏசி, சுற்றுகிற மிஷின், ஐஸ் பெட்டி, ஆராய்ச்சி செய்கிற பெண். அவளுக்கு ஆவுடையார்கோவில் பக்கம். விடுதியில் இருந்தாள். என்னை அக்கா என்பாள். நான் ஆத்தா என்பேன். அவளுக்கு மேலே சார். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. இந்த மூன்று பேர்தான் கதையில். நாலாவது ஒருவர் உண்டு. அவரை மாப்பிள்ளை என்போம்.

மாப்பிள்ளை ஒரு பூஞ்சணம். பூஞ்சணமே இல்லை, பேர்தான் அப்படி என்பாள் அந்தப் பெண். மஞ்சளாக இருக்கும். ஈரத்தாளின் மேல் விசிறி விரித்த மாதிரி படரும். நகரும். ஒரு சனிக்கிழமை மூடியைச் சரியாக அழுத்தாமல் போய்விட்டேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் தட்டைவிட்டு இறங்கி, அலமாரியில் ஒரு சாண் நடந்து, ஓட்ஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தீனி ஓட்ஸ். ஓட்ஸை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். சர்க்கரை வந்தவர்களும் அதுவும் தின்னும்.

வேளாவேளைக்குச் சாப்பாடு. இருட்டில் படுக்கை. வெளிச்சம் ஆகாது. புழுக்கம் ஆகாது. ஒரு வேலையும் கிடையாது. அதனால் நான் மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். சார் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் அவர் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணின் வேலை என்னவென்று ஒரு நாள் கேட்டேன். அப்போது ஒரு கூடை குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒடம்பு வளரணும்னா உள்ள இருக்க டி.என்.ஏ. ரெண்டாகணும்க்கா. அது நூலு மாதிரி. பழைய நூலப் பாத்து புது நூலு உண்டாகும். அது எப்பிடி நடக்குதுன்னு ஒடம்புக்குள்ள போயி பாக்க முடியாது. அதான் மாப்பிள்ளைய அரைச்சு, சாறெடுத்து, அந்தச் சாத்துக்குள்ள அந்த வேல நடக்குதான்னு பாக்குறேன்."

"ஆளையே அரைச்சிட்டா வேலை எப்பிடி நடக்கும்?"

"அதத்தான் நானும் மூணு வருசமா பாக்குறேன்" என்றாள்.

ஏன் இதுதான் வேண்டும் என்றும் சொன்னாள். மற்ற உயிர்களில் ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு நேரத்தில் இரண்டாகுமாம். மாப்பிள்ளை உடம்பில் லட்சக்கணக்கான கரு உண்டு, அத்தனையும் ஒரே நேரத்தில் இரண்டாகுமாம். ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுந்திருப்பது மாதிரி. எழுந்த உடனே புது நூல் வேலை தொடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்துப் பிடித்து அரைக்க வேண்டும். முன்னாலும் ஆகாது, பின்னாலும் ஆகாது.

அதனால் முதல் நாளே துண்டுகளைச் சேர்த்துத் தட்டில் வைத்துவிடுவாள். மறுநாள் பதினொரு மணி வாக்கில் நேரம் வரும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை துளி கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். வந்துவிட்டால் ஓட்டம்தான். ஐஸில் வைத்து அரைப்பாள். மிஷினில் சுற்றுவாள். மேலே தெளிந்த சாற்றை எடுத்து, வேண்டியதெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைப்பாள். பிறகு சொட்டுச் சொட்டாகத் தாளில் வைத்துக் கழுவி, ஊதா விளக்கில் காட்டுவாள். புது நூல் உண்டாகியிருந்தால் சொட்டு பச்சையாக மின்னும். கூடவே வேகவைத்த சாறு ஒன்றும் வைப்பாள். அது மின்னக் கூடாது.

மூன்று வருஷமாக வெந்ததும் இருட்டு. வேகாததும் இருட்டு.

சார் மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் சாறு வேலை செய்வதைக் காட்டி எழுதிவிட்டால் அவளுக்குப் பட்டம். இல்லாவிட்டால் வேறு ஒருவரிடம் மாற வேண்டும். அவர் மீன் ஆராய்ச்சி. அங்கே மாப்பிள்ளைக்கு இடம் இல்லை. முதலிலிருந்து மீன் பிடிக்க வேண்டும். அவள் வீட்டில் போன் போட்டு எப்போது முடியும் என்று கேட்பார்கள். "முடியப் போகுதுப்பா" என்பாள். அது எனக்குக் கேட்கும்.

அவள் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். ஐஸைச் சந்தேகப்பட்டாள். ஓட்ஸை மாற்றினாள். கடைசியில் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எத்தன தடவ அலசுறீங்க?"

"மூணு."

"சோப்பு ஒட்டியிருக்குமோன்னு..."

ஆறு தடவை அலசினேன். அப்படியும் இருட்டு. ஒன்பது தடவை அலசினேன். சார் தண்ணீர் மோட்டார் ஏன் இப்படி ஓடுகிறது என்று கேட்டார். அவள் பிறகு கேட்கவில்லை. ஆனால் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பொங்கல் கழிந்து கல்லூரி திறந்ததும் உள் அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். யாராவது திறந்துகொண்டே இருந்தால் ஏசிக் குளிர் உள்ளே நிற்கவில்லை என்று. எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் தமிழிலேயே எழுதினாள். 'செல்-ஃப்ரீ வேலை நடக்கும் அறை. கதவைச் சாத்தவும்.'

படித்தேன். யோசித்தேன்.

ஃப்ரீ என்றால் இல்லாதது. சுகர் ஃப்ரீ பிஸ்கெட் சார் மேஜையில் இருக்கும். அப்படியென்றால் செல் இல்லாத அறை. எந்தச் செல்? அந்தக் கதவு நிலையில் செல் பிடித்திருந்தது. அடியில் மண்ணாகக் கொட்டிக் கிடக்கும். தினமும் நான்தான் கூட்டுவேன். அதனால் அந்தச் செல் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் செல் கூடாது என்பார்கள். பேங்க்கில் கூடாது. கோயிலில் கூடாது. இங்கேயும் ஏதோ ஆகாது போல என்று விட்டேன். பழைய எனாமல் தட்டு ஒன்றைத் தேய்த்துக் கழுவி, துணி விரித்து, கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதலில் என் பட்டன் செல்லை வைத்தேன்.

அவள் வந்தாள். தட்டை நீட்டினேன்.

"என்னக்கா?"

"செல்லு."

என் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்க்கவில்லை. அது அவள் எழுதியதுதானே, எதற்குப் பார்க்கப் போகிறாள். பெருமூச்சு விட்டு வைத்துவிட்டுப் போனாள். சார் சொல்லித்தான் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம். முந்தின வாரம்தான் சார், "அந்த செல்ல நோண்டாம வேலயப் பாரும்மா" என்று சொல்லியிருந்தார்.

மத்தியானம் சார் வந்தார். தட்டை நீட்டினேன். அவர் தாளைப் படித்தார். தட்டைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் தனக்குத்தான் பதில் கொடுக்கிறாள் என்று அவருக்கு எண்ணம். அவள் ரோஷக்காரி என்று பிறகு யாரிடமோ மெச்சினாராம்.

அவர் சொன்னது என்று இவள். இவள் சொன்னது என்று அவர். தாள் சொன்னது என்று நான். மூன்று மாதம் ஓடியது. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

செல் இல்லாததால் அவளுக்கு மணி பார்க்க வழி இல்லை. அதுவரை செல்லில்தான் அலாரம் வைப்பாள். உள் அறையில் கடிகாரம் கிடையாது. நான் உட்காரும் இடத்திலிருந்து தாழ்வாரத்துக் கடிகாரம் தெரியும்.

"அக்கா, பத்து நிமிசம் ஆனா சொல்லுங்க" என்பாள்.

"ஆச்சு" என்பேன்.

அவ்வளவுதான் வேலை. குக்கருக்கு விசில் எண்ணுவதைவிட லேசு.

வீட்டுக்காரர் குவைத்திலிருந்து மத்தியானம் கூப்பிடுவார். தட்டில் கிடந்து அடிக்கும். வேலை நேரத்தில் எடுக்க மாட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் பேசுவேன்.

"பெரிய ஆபீசராயிட்டியா? போன எடுக்க மாட்டேங்கிற."

"செல்லு கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"ஒட்டியிருக்கு."

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் தொட்டியடியில் இருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. கையுறையோடு நின்றாள்.

"அக்கா, இங்கிட்டு வாங்க. நான் பாக்குறது உங்களுக்கும் தெரியுதான்னு சொல்லுங்க."

போனேன். ஊதா விளக்கின் கீழ் தாள். வெந்த சாறு இருட்டு. வேகாத சாறு பச்சை. மின்மினியை நசுக்கித் தேய்த்த மாதிரி.

"தெரியுதாக்கா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"பச்ச."

என் தோளில் சாய்ந்து அழுதாள். கையை மட்டும் என்மேல் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கையுறையாம். அந்த வாரம் மூன்று தடவை செய்தாள். மூன்றும் பச்சை. அடுத்த வாரமும் பச்சை. மாப்பிள்ளை ஒரு வழியாக வேலைக்குப் போகிறார் என்றேன். சார் அன்றைக்கு விடாமல் சிரித்தார்.

சிரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நான் டீ கொண்டுபோனபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"மூணு வருசம் வரல. இப்ப வருது. எத மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல சார்."

"ஒண்ணும் மாத்தாம எப்பிடிம்மா வரும்? பரீட்சை வைக்க வாரவரு மொதக் கேள்வியே அதத்தான் கேப்பாரு. ஏன் வருதுன்னு தெரியாட்டி, அது நின்னு போனாலும் ஏன்னு தெரியாது. அது நம்ம கண்டுபிடிப்பு இல்ல. நமக்கு வந்த விருந்தாளி. எது மாறுச்சுன்னு கண்டுபிடி. அத மறுபடி வச்சா கெடணும், எடுத்தா வரணும். அதக் காட்டாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பங்குனி பிறந்திருந்தது. மே மாதக் கடைசிக்கு இரண்டரை மாதம்.

அவள் நோட்டு நோட்டாகப் புரட்டினாள். தண்ணீர் அதேதான். பழைய ஓட்ஸுக்கே திரும்பிப் பார்த்தாள். அப்போதும் பச்சை. ஐஸ் அதே கடை. வேலை நடக்காதபோது இளைத்ததைவிட இப்போது அதிகம் இளைத்தாள். வராதபோது ஒரு கவலை. வந்த பிறகு, எப்போது நின்றுவிடுமோ என்று இன்னொரு கவலை.

ஒரு நாள் தொட்டிக்கு வந்தாள்.

"அக்கா, நீங்க எதையாச்சும் மாத்துனீங்களா? தையிலேருந்து?"

"இல்ல."

"கழுவுறது?"

"ஒம்போது தடவ. அது கார்த்திகையிலேருந்து."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதுனாலும் சரி."

யோசித்தேன். நான் ஒன்றும் மாற்றவில்லை. அவள் ஒட்டினாள், நான் செய்தேன். அது நான் மாற்றியது ஆகாது.

"இல்லாத்தா" என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். கதவுக்குப் போனதும் பழக்கத்தில் செல்லை எடுத்துத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுச் சும்மா ஒரு பேச்சுக்கு, "சாரு எதுக்குத்தான் இத ஆரம்பிச்சாரோ" என்றாள்.

"சாரா? நீதானே."

"நானா?"

"எழுதி ஒட்டியிருக்கியே."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"அக்கா... செல்லுன்னா என்னன்னு நெனைச்சீங்க?"

"இதான்" என்று தட்டைக் காட்டினேன். "நிலையில இருக்கது இல்லேன்னு தெரியும்."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். நம் உடம்பு சின்னச் சின்ன அறைகளால் ஆனதாம். அந்த அறைக்குப் பேர் செல்லாம். அரைத்தபின் அறை உடைந்து சாறு மட்டும் நிற்கும். அதுதான் செல் இல்லாத சாறு. நான் படித்த காலத்துப் புத்தகத்தில் அதற்குப் பேர் உயிரணு. அப்படி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சொன்னேன்.

"நல்லவேள எழுதலக்கா" என்றாள்.

தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சார் அறைக்கு ஓடினாள். செருப்பு போடவில்லை.

விஷயம் இதுதான். மனிதக் கை வேர்வையில் ஒரு சரக்கு இருக்கிறதாம். நூலை அறுத்துவிடும். அதற்காகத்தான் கையுறை. கையுறை போட்டுக்கொண்டே அலாரம் வைக்கச் செல்லைத் தொடுவாள். நாள் பூராவும் வெறுங்கையில் பிடித்த செல். அதே கையுறையோடு குழாயைத் தொடுவாள். மாப்பிள்ளை மூன்று வருஷமும் நெய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். இவள் கத்திரியைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சார் நம்பவில்லை என்று சொல்லவில்லை. நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை.

"சோதிச்சுரு" என்றார். "ஒரே மாப்பிள்ளை. பாதி செல்லோட, பாதி செல் இல்லாம. ஆனா கடைசியில எது எதுன்னு ஒனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு ஆசைப்பட்டதப் பாக்கும். எனக்கும் தெரியக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "நம்பர் நீ ஒட்டும்மா."

"நானா சார்?"

"இந்தக் காலேஜ்ல ஒன் வாயிலேருந்துதான் ஒண்ணும் வராது."

அந்த நாள் வந்தது. பதினொன்று பத்துக்கு மாப்பிள்ளை தயார். அவள் முதல் பாதியைச் செல் இல்லாமல் செய்தாள். பிறகு கதவைத் திறந்து கையை நீட்டினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் ஒரு செல்லைத் தட்டிலிருந்து எடுத்து உள்ளே கொடுத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. அடுத்த பாதியை, பழைய மாதிரி அலாரம் வைத்து, அணைத்து, தொட்டுத் தொட்டுச் செய்தாள்.

மூன்று குழாய் இந்தச் சாறு, மூன்று குழாய் அந்தச் சாறு. அவளும் சாரும் வெளியே போனார்கள். நான் புதுக் கையுறை போட்டு, குழாய்களைக் கலைத்து, அவள் போட்ட அடையாளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து உரித்து, அந்த இடத்தில் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் ஒட்டினேன். எது எது என்று காலையில் பஸ்ஸில் கொடுத்த மகளிர் டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். மடித்து மணிபர்ஸில் வைத்தேன்.

ஒரு மணி நேரம் ஊற வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவள் என் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, ஒண்ணாம் நம்பரு?"

"..."

"ரெண்டாவது மட்டும் சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"..."

"உங்க வீட்டுக்காரரு எப்பிடிக்கா உங்ககூட பேசுறாரு?"

"அவருதான் பேசுவாரு."

சார் தன் பங்குக்கு வந்தார். "டீ சாப்பிடுறியாம்மா?" என்றார். ஆறு வருஷத்தில் கேட்டதில்லை. வேண்டாம் என்றேன்.

"ஆச்சு" என்று நான் சொன்னதும் இருவரும் உள்ளே போனார்கள். நானும் போனேன். ஆறு சொட்டு. கழுவியாயிற்று. விளக்கைப் போட்டாள்.

ஒன்று பச்சை. நாலு பச்சை. ஆறு பச்சை. இரண்டும் மூன்றும் இருட்டு. ஐந்து மட்டும் லேசாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி.

"எழுதும்மா" என்றார் சார். அவள் நோட்டில் எழுதினாள். சார் என் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லும்மா."

மணிபர்ஸைத் திறந்தேன். டிக்கெட் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்க நேரமானது. வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். கொஞ்சம் வேண்டுமென்றேதான் செய்தேன். ஒன்பது தடவை அலசியவள்.

"செல்லு வச்சது ரெண்டு, மூணு, அஞ்சு" என்றேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"அஞ்சு லேசா வருதே சார்" என்றாள்.

"வரட்டும். அத அப்பிடியே எழுது. வராதத வருதுன்னும் எழுதாத, வந்தத வரலன்னும் எழுதாத. இன்னும் ரெண்டு தடவ செய்."

செய்தாள். ஒரு தடவை நடுவில் கரண்ட் போய், சுற்றுகிற மிஷின் நின்று, எல்லாம் கெட்டது. அதையும் எழுதச் சொன்னார். இன்னொரு தடவை சுத்தமாக வந்தது. மே இருபதுக்கு மேல் சார் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்கங்க" என்றார். எந்த மாப்பிள்ளையைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தொட்டிக்கு ஒரு நாள் வந்து நின்றாள் அந்தப் பெண். கையில் அச்சடித்த புத்தகம்.

"அக்கா, அன்னைக்கு சோப்பப் பத்திக் கேட்டேன்ல."

"ம்."

"அது என் கைதான்."

"தெரியும்."

"கோவமா?"

"மூணு தடவைக்கு எறங்கலாமா?" என்று கேட்டேன். தாராளமாக என்றாள். புத்தகத்தைத் திறந்து ஒரு வரியைக் காட்டினாள். இங்கிலீஷ். என்ன என்று கேட்டேன். 'செல்-ஃப்ரீ அறைக்குள் கைப்பேசிகள் அனுமதிக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறதாம். சரி என்றேன்.

அவளுக்குக் கேள்வி கேட்க வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். முதலில் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். நான் தட்டை நீட்டினேன். முக்கியமான போன் வர வேண்டும் என்றார். தட்டைக் கீழே இறக்கவில்லை. வைத்தார்.

உள்ளே அரை மணி நேரம் இருந்தார். அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரிக்கும் சத்தமும் கேட்டது. வெளியே வந்தவர் என் முன்னால் நின்று தாளைப் படித்தார். ஓரம் மஞ்சளாகிவிட்டது, ஆனால் அதே தாள்.

"இது எந்தச் செல்லம்மா?"

"மூணுந்தாங்க" என்று அவர் போனைக் கொடுத்தேன். "போன வாரம் நிலைக்கு மருந்தும் அடிச்சாச்சு."